மனசுக்கு ஒரு மொய் நோட்டு

ஏய்யா பேராண்டி, உங்க வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்ள ஒரு மொய் நோட்டு கிடக்கும். எடுத்துப் பாரு. உங்கப்பன் கல்யாணத்துக்கு எந்த ஊரு, எந்தத் தெரு, யார் மகன் யாரு எத்தனை ரூவா எழுதினாம்னு வரிசையா இருக்கும். இருபத்தோரு ரூவா எழுதினவன், பித்தளைச் சொம்பு வச்சவன், பக்கத்து வீட்டுக்காரன் கையில குடுத்துவிட்டுட்டுத் தலையக் காட்டாதவன், ஒருத்தனும் தப்ப முடியாது. முப்பது வருசம் கழிச்சு அவன் பேத்தி சடங்குக்குப் போறதுக்கு முந்தியும் அந்த நோட்டைப் புரட்டிட்டுத்தான் உங்கம்மா கவருக்குள்ள ரூவா வைப்பா. அப்பேர்ப்பட்ட கணக்கு வச்ச வம்சத்துல பொறந்த நீ, டாக்டரு "ராத்திரி தூக்கம் எப்படிப்பா?"ன்னு கேட்டா, "பரவால்ல சார்"ங்க.

போன செவ்வாக்கிழமை எத்தனை மணிக்குக் கண்ணை மூடினேன்னு கேட்டா முழிக்க. உங்கக்கா கல்யாணப் பந்தியில உங்க சித்தப்பன் உன்னை என்ன சொன்னாருன்னு கேட்டா மட்டும் வார்த்தை பிசகாம ஒப்பிக்க. அடுத்தவன் உன்னைச் சொன்னதுக்குக் கணக்கு இருக்கு. உனக்கு உள்ள நடந்ததுக்குக் கணக்கு இல்ல.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியா? நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தே கிழவனானவன். மாத்திரை குடுக்குற சன்னலுக்கு இந்தப்பக்கம் நின்னவனுக்கு டாக்டருக்குத் தெரியாத சங்கதியெல்லாம் தெரியும். உள்ள டாக்டர் முன்னால, "இப்ப தேவலை"ன்னு நெஞ்சை நிமித்திட்டு வருவான். என் சன்னலுக்கு வந்து சீட்டை நீட்டும்போதுதான், "அண்ணே, நாலு நாளா பொட்டுத் தூக்கம் இல்லண்ணே"ம்பான். அடேய், அதை அங்கன சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டா, "அவரு கேக்கும்போது அயத்துப்போச்சு"ம்பான். வேணும்னு மறைக்கிறவன் கொஞ்சம் பேரு. நெசமாவே மறந்துபோறவந்தான் முக்காவாசி.

நினைப்பு அப்படித்தான் பொய் சொல்லும். இன்னைக்கு மனசு சோர்ந்து கிடந்தா போன மாசம் முச்சூடும் சோர்ந்தே கிடந்த மாதிரித் தோணும். இன்னைக்குத் தெளிவா இருந்தா, "எனக்கென்ன கேடு"ன்னு ஆஸ்பத்திரி வாசலோட திரும்பிருவ. 1996ல கான்மன், ரெடல்மையர்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க ஒரு சங்கதியைக் கண்டு எழுதினாங்க. குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாக்குற சோதனைக்கு வந்தவங்ககிட்ட, நடக்கும்போதே நிமிசத்துக்கு நிமிசம் வலி எவ்வளவுன்னு கேட்டுக் குறிச்சாங்க. எல்லாம் முடிஞ்சபிறகு மொத்தத்துல எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, எத்தனை நேரம் வலிச்சதுங்கறது அவங்க நினைப்புல பெருசா நிக்கவேயில்ல. உச்சமா வலிச்சதும் கடைசியா வலிச்சதும் மட்டுந்தான் நின்னுச்சு. அந்தக் கான்மனுக்குப் பின்னால 2002ல பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. பெரும்பாலும் ஒருமணி நேரம்கூட ஆகாத சோதனைக்கே நினைப்பு இந்த லட்சணம்னா, நீ ஒரு மாசத்து மனசை வாயால ஒப்பிக்கப் போறியாக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா, டாக்டரு கேக்குறதே நாள் கணக்கைத்தான். பி.எச்.க்யூ-9னு ஒரு கேள்வித்தாள், 2001ல வந்தது, இப்ப உலகம் பூரா ஓடுது. மொத்தம் ஒம்பது கேள்வி. கடந்த ரெண்டு வாரத்துல எதுலயும் நாட்டமில்லாம இருந்துச்சா, மனசு சோர்ந்து இருந்துச்சா, தூக்கம் எப்படி, பசி எப்படின்னு போகும். பதிலு நாலே விதம்: இல்லவே இல்ல, சில நாளு, பாதி நாளுக்கு மேல, அநேகமா தினமும். பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும் மார்க்கு, மொத்தம் 27. இந்தப் பரிட்சையில மட்டும் மார்க்கு கூடுனா உங்கப்பன் சைக்கிள் வாங்கித் தரமாட்டான். இப்ப நீயே சொல்லு, குறிச்சு வைக்காதவனுக்கு ஏழு நாளா எட்டு நாளான்னு எப்படித் தெரியும்? மோட்டுவளையப் பாத்துட்டு, ஏதோ ஒரு கட்டத்துல டிக் அடிப்பான். அதை வச்சு டாக்டரு மாத்திரைய ஏத்தணும், இறக்கணும்.

சரி, தாத்தா சொல்லிட்டாரு, எழுதிருவோம்னு உடனே கிளம்பிருவ, எனக்குத் தெரியும். எங்க? கடைக்கு. தோல் அட்டை போட்ட டைரி, அஞ்சு கலர்ப் பேனா, ஓரத்துல ஒட்ட பூப்போட்ட ஸ்டிக்கர். மொத நாள் ராத்திரி ஆறு பக்கம். ரெண்டாம் நாள் நாலு. மூணாம் நாள் தேதி மட்டும் இருக்கும். நாலாம் நாள் அந்த டைரி உங்கம்மாவுக்குத் தயிர்ச்சட்டி மூடியாயிரும். செல்போனுல ஆப்பு போட்டவன் கதை இன்னும் சுருக்கம்: மஞ்ச மூஞ்சி, நீல மூஞ்சின்னு தினமும் ஒண்ணை அமுக்குவான். ஏன் நீலம்னு கேட்டா அவனுக்கே தெரியாது.

புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளைன்னு ஒருத்தரு இருந்தாரு. பிரெஞ்சுக்காரனுக்குத் துபாஷி. 1736ல இருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினாரு. எந்தக் கப்பல் வந்துச்சு, கவர்னரு துய்ப்ளே துரை என்ன கேட்டாரு, இவரு என்ன பதில் சொன்னாருன்னு அம்புட்டும் அதுல இருக்கு. சரித்திரத்துக்கு அது சொத்து. ஆனா அவரு துரையைப் பத்தி எழுதினாருன்னு நீ உன் மேனேஜரைப் பத்திப் பக்கம் பக்கமா எழுத ஆரம்பிச்சிராத. அவன் என்ன டை கட்டியிருந்தான், எந்த மீட்டிங்குல மூஞ்சியைச் சுளிச்சான்ங்கறது எந்தச் சரித்திரத்துக்கும் வேண்டாம். டாக்டருக்கும் வேண்டாம்.

உனக்கு வேண்டியது மளிகைக்கடையில சும்மா குடுக்குற மாசக் காலண்டரு. கட்டம் கட்டமா இருக்கும் பாரு, அது. தினம் கிழிக்கிற காலண்டரு ஆகாது, கிழிச்ச தாளு பஜ்ஜிக்கு எண்ணெய் ஒத்தப் போயிரும். உங்கம்மா பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் குறிக்கிற அந்தக் கட்டத்துலயே ஓரத்துல கொஞ்சம் இடம் கிடைக்கும். எத்தனை மணிக்குப் படுத்த, எத்தனை மணிக்கு எந்திரிச்ச. மனசு பத்துக்கு எத்தனை. மாத்திரை போட்டியா இல்லையா. காபி, டீ, பீடி, பிராந்தி எது எத்தனை. என்னை மாதிரி ஆளுங்ககிட்ட பிராந்திய மறைக்க வேண்டாம், சன்னலுக்கு இந்தப்பக்கம் வரைக்கும் வாடை அடிக்கும். கடைசியா ஒரே ஒரு வரி: மனசு கலங்கினதுக்கு முந்தி என்ன நடந்துச்சு. அம்புட்டுத்தான். பல் விளக்குற நேரத்துக்கு மேல ஆனா நீ எழுதுறது கணக்கு இல்ல, புலம்பல்.

அந்தக் கடைசி வரியிலதான் சூட்சுமம் இருக்கு. நம்ம தெருப் பய ஒருத்தன், கம்பெனியில வேலை. எப்பக் கேட்டாலும், "மேனேஜர்தான் தாத்தா என்னைக் கோட்டியாக்குதான்"பான். சரி, குறிச்சுப் பாருடான்னேன். மாசக் கடைசியில காலண்டரை விரிச்சா, நெஞ்சு படபடப்பு வந்த நாள்ல முக்காவாசி ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் திங்கக்கிழமையுமா நிக்கி. ஞாயித்துக்கிழமை மேனேஜரு இவன்கூடவா இருந்தான்? அவன் பாட்டுக்கு அவன் பிள்ளைகுட்டியோட ஓட்டல்ல பரோட்டா தின்னுட்டிருப்பான். இவன் சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்லு, மறுநாள் மத்தியானம் எந்திரிச்சு, தூக்கக் கலக்கத்தைத் தெளிவிக்கச் சாயங்காலம் ரெண்டு காபி. ஆறு மணிக்குக் குடிச்ச காபிச் சத்துல ஏறக்குறையப் பாதி, பதினோரு மணிக்கும் ஒடம்புலதான் நிக்கும். பிறகு எப்படித் தூக்கம் வரும்? தூக்கம் இல்லாத திங்கக்கிழமை எந்த மேனேஜரும் எமனாத்தான் தெரிவான். இதைச் சொன்னதும் பயலுக்கு மூஞ்சி சின்னதாப் போச்சு. நல்ல எதிரி ஒருத்தன் கைவிட்டுப் போறது யாருக்குத்தான் பிடிக்கும்? மேனேஜரும் லேசுப்பட்ட ஆளு இல்லதான். அவன் பங்கு புதன்கிழமைக் கட்டத்துல தனியா இருந்துச்சு, அதையும் ஒளிக்கக் கூடாது.

"எங்க பையனுக்கு அமாவாசைக்கு அமாவாசை கோட்டி வந்துரும்"ங்கறவங்களுக்கும் நான் சொல்றது இதான். காலண்டருலயே அமாவாசை கறுப்பு வட்டமா போட்டிருக்கு. பக்கத்துல நீயும் குறி. மூணு மாசம் பாரு. பல வீட்டுல அமாவாசை தப்பிச்சுக்கிடும், மாத்திரை போட மறந்த நாளு மாட்டிக்கிடும். மந்திரிக்கிறவனுக்கு வருமானம் போகும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

ஏத்தா பேத்தி, நீ எங்க நழுவுத? உனக்கும் சேத்துத்தான். மாசத்துல ஏழெட்டு நாளைக்குக் காரணமே இல்லாம அழுகையும் ஆத்திரமும் வருது, தூரமானதும் வடிஞ்சுபோகுதுன்னு சில பொம்பளைப் பிள்ளைகளுக்கு உண்டு. மாமியா, "மூதேவி புடிச்சிருச்சு"ம்பா. புருசன் ரெண்டு நாளைக்கு வயக்காட்டுப் பக்கமாப் போய் உக்காந்துக்கிடுவான். அதுக்குப் பேரு இருக்கு, பி.எம்.டி.டி. அமெரிக்க மனநல டாக்டருங்க 2013ல போட்ட டி.எஸ்.எம்-5 புத்தகத்துல அதைத் தனி நோயாவே சேத்துட்டாங்க. கவனமாக் கேளு: அதை உறுதிப்படுத்தணும்னா, வாயால சொன்னாப் போதாது, குறைஞ்சது ரெண்டு மாதவிடாய்ச் சுழற்சிக்கு அன்னன்னைக்கு எழுதின கணக்கு வேணும்னு அந்தப் புத்தகமே சொல்லுது. ரத்தத்துல, ஸ்கேன்ல அதுக்குச் சோதனை கிடையாது. உன் காலண்டருதான் சோதனை. ஏன் அப்படின்னா, மாசம் பூரா இருக்கிற மனச்சோர்வு அந்த வாரத்துல மட்டும் கூடி வர்றதும் உண்டு. ரெண்டும் வேற வேற, வைத்தியமும் வேற. வெள்ளைப்பட்டது, தூரமானது எல்லாத்தையும் கூச்சப்படாமக் குறி. கிழவன் பாப்பானேன்னு பயந்தா ஒரு புள்ளி வை, அது என்ன புள்ளின்னு உனக்குத் தெரிஞ்சாப் போதும். மூதேவியா, நோயான்னு ரெண்டு மாசத்துல உன் மாமியாளுக்கே காட்டிரலாம். அவ ஒத்துக்கிடுவாளாங்கறது வேற கதை.

இன்னொண்ணு. கெட்ட நாளை மட்டும் எழுதுறது நம்ம ஆளுங்க புத்தி. நல்ல நாளு வந்தா பேனாவை எங்க வச்சோம்னே தெரியாது. நல்ல நாளையும் எழுதணும். ரொம்ப ரொம்ப நல்ல நாளை இன்னும் கவனமா எழுதணும். மூணு மணி நேரந்தான் தூங்கியிருப்பான், அலுப்பே தெரியாது. ஒரே ராத்திரியில நாலு வியாபாரத்துக்குத் திட்டம் போடுவான். சந்தைக்குப் போனா கடனுக்கு மாடு பிடிச்சிட்டு வருவான். பேச்சு நிக்காது. கேட்டா, "இப்பத்தான் தாத்தா நான் நல்லாவே இருக்கேன்"பான். ஊரும், "பையன் தேறிட்டான்"னு சந்தோசப்படும். பிறகு ஒருநாள் பொத்துன்னு கீழ விழுந்து, படுக்கையை விட்டு எந்திரிக்காமக் கிடப்பான். அப்பத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவான். கீழ விழுந்த கதையை மட்டும் சொல்லுவான், மேல ஏறின கதை அவனுக்கு நோயாவே படலையே. பாதிக் கதையைக் கேட்டு, டாக்டரு சோர்வுக்கு மட்டும் மாத்திரை எழுதினா, இப்படி ஏறி இறங்குற பைபோலார் நோய் உள்ளவங்கள்ல சில பேரை அந்த மாத்திரை மறுபடி மேல தூக்கிவிட்டுரும். அவன் காலண்டருல அவன் பொஞ்சாதி கையெழுத்துல, "ராத்திரி தூங்கல, மாடு வாங்கினாரு"ன்னு ஒரு வரி இருந்தாப் போதும், வைத்தியமே மாறிரும்.

இது ஒண்ணும் புதுசா முளைச்ச சங்கதி இல்ல. ஜெர்மனியில எமில் கிரேப்பலின்னு ஒரு டாக்டரு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, எப்ப வந்தான், எப்படி இருந்தான், எப்பத் தெளிஞ்சான்னு வருசக்கணக்காக் குறிச்சு வச்சாரு. அந்த அட்டைகளைப் பரப்பிப் பரப்பிப் பாத்துத்தான், வந்து வந்து தெளியுற நோயி வேற, நாளாக ஆக மங்கிப்போற நோயி வேறன்னு பிரிச்சாரு. 1899ல வந்த அவரு பாடப்புத்தகத்தோட ஆறாம் பதிப்புல அதை அறுதியிட்டுச் சொன்னாரு. இன்னைக்கு பைபோலாரு, ஸ்கிசோஃப்ரினியான்னு டாக்டருங்க சொல்றதுக்கு வேரு அங்கதான் இருக்கு.

மாத்திரை தின்னுறவனுக்கு இந்தக் காலண்டரு இன்னும் தேவை. மனச்சோர்வு மாத்திரை இன்னைக்குப் போட்டு நாளைக்குக் கேக்காது. தெளிவு தெரிய ரெண்டு வாரமாவது ஆகும், நல்லாத் தெரிய நாலு, ஆறு வாரம்கூட ஆகும். ஆனா குமட்டல், தலைவலி மாதிரி உபத்திரவம் மொத வாரத்துலயே வந்து நிக்கும். அதனால நம்ம ஆளு அஞ்சாம் நாளே, "இது நமக்குச் சேரல"ன்னு மாத்திரையப் புழக்கடையில வீசிருவான். குறிச்சு வச்சவனுக்குக் குமட்டல் குறைஞ்சுட்டு வர்றதும், தூக்கம் கால்மணி கால்மணியாக் கூடுறதும் கட்டத்துல தெரியும். உனக்கு மனசுல தெரியுறதுக்கு முந்தியே காலண்டருல தெரியும்னுகூடச் சொல்லலாம்.

கொஞ்சம் தேறினபிறகு, டாக்டரு சொன்னா, இன்னொரு வித்தையும் உண்டு. அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஆரோன் பெக்குன்னு ஒரு டாக்டரு பழக்கிவிட்டது. தாளுல கோடு போட்டுக்க. மொதக் கட்டத்துல என்ன நடந்துச்சு: "அவ போனை எடுக்கல." அடுத்ததுல மனசு என்ன சொல்லுச்சு: "அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகல." அடுத்து என்ன தோணுச்சு, எவ்வளவு: "அழுகை, நூத்துக்கு எம்பது." பிறகு, அதுக்கு என்ன சாட்சின்னு எழுதணும். இங்கதான் பயலுவ பேனா நின்னுபோகும். அவ பஸ்ஸுல நின்னுட்டு வந்திருப்பா, ரெண்டு கையிலயும் பை இருந்திருக்கும். மொதக் கட்டத்துக்கும் ரெண்டாம் கட்டத்துக்கும் நடுவுல இருந்த தூரத்தை நீ ஒரே தாவாத் தாவியிருப்ப. எழுதிப் பாத்தாத்தான் தாவினது தெரியும்.

இவ்வளவு சொல்லிட்டு இதையும் சொல்லாட்டா நான் பாவி. சில பேருக்கு இந்தக் கணக்கே நோயாயிரும். கையில ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு, ராத்திரி எத்தனை நிமிசம் ஆழ்ந்த தூக்கம்னு காலையில அதுகிட்டக் கேட்டு, அது கம்மின்னு சொன்னா அன்னைக்கு ராத்திரி அந்தக் கவலையிலயே தூங்காம கிடக்குறவங்க இருக்காங்க. 2017ல அமெரிக்காவுல தூக்க டாக்டருங்க இதுக்கு ஆர்த்தோசோம்னியான்னு பேரு வச்சு ஒரு கட்டுரையே எழுதினாங்க. அதனால நடுராத்திரி மணி பாக்காத. காலையில எந்திரிச்சுக் குத்துமதிப்பாப் போடு. ஒருநாள் விட்டுப்போனா அந்தக் கட்டத்தை வெறுங்கட்டமா விடு, மூணு நாள் கழிச்சுக் கற்பனையில நிரப்பாத. கை கழுவிக் கழுவி ஓயாதவங்க, ஒடம்புல என்ன நோயோன்னு சதா தொட்டுத் தொட்டுப் பாக்குறவங்க, சாப்பாட்டை எண்ணி எண்ணிச் சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம இந்தக் கணக்குல இறங்க வேண்டாம். எழுத எழுதப் பயம் கூடுச்சுன்னா நிறுத்திட்டு, நிறுத்தினதை டாக்டருகிட்டச் சொல்லு.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை எழுதினதைத் திருட்டுத்தனமாப் படிச்சுட்டு, "மூணு போட்டிருக்கியே, ஏன் மூணு? உனக்கு என்ன குறை வச்சோம்?"னு பஞ்சாயத்துக் கூட்டாதீங்க. நாளையில இருந்து அவன் எட்டு, எட்டு, எட்டுன்னு போடுவான். அந்தக் காலண்டரு அன்னையோட செத்துப்போச்சு. 2017 மனநலச் சட்டம், நோயாளி விவரத்தை வெளிய விடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியையே கட்டிப்போட்டிருக்கு. வீட்டுக்குள்ள அந்தச் சட்டத்தை யாரு அமல்படுத்துறது? ஒரே ஒரு விசயத்துல மட்டும் தலையிடுங்க. சாகணும்ங்கற நினைப்பு கட்டத்துல வந்தாலும் சரி, வாயில வந்தாலும் சரி, மாசக் கடைசிக்குக் காத்திருக்கக் கூடாது. கூட ஆள் இருக்கணும், மருந்து பாட்டிலு கைக்கெட்டாம இருக்கணும், அன்னைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரியா இருந்தா 14416க்குப் போனு போடு. டெலி மானஸ்னு பேரு, 2022ல இருந்து இருக்கு, காசு கிடையாது, ராவும் பகலும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

மத்தபடி, ஜில்லா ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, மாத்திரை சும்மாத்தான் குடுக்குறாங்க. கோட்டின்னு பட்டம் கட்டுவானேன்னு கூசாத. பட்டம் கட்டுறவன் வீட்டுலயும் ஒருத்தன் அந்த வரிசையில நின்னிருக்கான், சன்னலுக்கு இந்தப்பக்கம் இருந்து பாத்தவன் நான் சொல்லுதேன். போகும்போது காலண்டரை ஆணியில இருந்து அப்படியே கழட்டி எடுத்துட்டுப் போ. டாக்டரு தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னா எடு, அது கெட்டாலும் மனசு சோரும். வெள்ளென போயிரு, ஓ.பி. சீட்டு வரிசை நீளம். பாலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல உன் கணக்கைத் தேடுறதுக்கு அவருக்கு ஒரு நிமிசம் ஆகும், பொறுத்துக்க. மாத்திரையை மட்டும் நீயா நிறுத்திராத.